தலை-கழுத்து ரேடியேஷனில் வாய்ப்புண்: கிருமியைக் கொல்வதா, வாயைச் சுத்தமாக வைத்திருப்பதா?

ஒளிமலர் எழுதியது:

வணக்கம். தலை-கழுத்துப் புற்றுநோய்க்கு ரேடியேஷன் எடுப்பவர்களுக்கான வாய்ப் பராமரிப்புத் தாளை எங்கள் வார்டில் புதிதாக எழுதுகிறோம். பழைய தாளில் இருந்தது இவ்வளவுதான்: முதல் நாளிலிருந்தே 0.2% குளோர்ஹெக்சிடின் (கிருமிக்கொல்லிக் கொப்பளிப்பு) மூன்று வேளை, வாயில் வெள்ளை படிந்தால் ஸ்வாப் (பஞ்சுக்குச்சியால் துடைத்த மாதிரி) எடுத்துக் கல்ச்சர் (ஆய்வகத்தில் கிருமியை வளர்த்துப் பார்ப்பது), புண் வந்ததும் பிரஷ் நிறுத்தம், கல்ச்சரில் ஏதாவது வளர்ந்தால் ஆன்டிபயாடிக்.

பெரும்பாலானவர்களுக்கு 33 முதல் 35 சிட்டிங், மொத்தம் 66 முதல் 70 கிரே (கதிர் அளவின் அலகு). பாதிப்பேருக்கு வாரம் ஒருமுறை சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்தும் உண்டு. மூன்றாவது வாரத்தில் குளோர்ஹெக்சிடின் எரிகிறது என்று பலர் விட்டுவிடுகிறார்கள். கல்ச்சர் அனுப்பினால் ஒவ்வொரு முறையும் ஏதோ ஒன்று வளர்ந்துதான் வருகிறது.

கேட்க விரும்புவது: வாய்க் கிருமிகள்தான் இந்தப் புண்ணுக்குக் காரணமா, அல்லது புண் வந்தபின் வந்து குடியேறுகின்றனவா? குளோர்ஹெக்சிடினை எடுத்துவிட்டால் அந்த இடத்தில் என்ன வைப்பது, எந்த அளவில்? புண் இருக்கும்போது பல் தேய்க்கச் சொல்லலாமா? வெள்ளையாகத் தெரிவது பூஞ்சையா, புண்ணின் மேல் படிந்த படலமா என்று படுக்கையருகிலேயே எப்படிப் பிரிப்பது?


கதிர்33 எழுதியது:

முதல் கேள்விக்கு மட்டும் நான். தீ வைப்பது கதிர்வீச்சு, நெய் ஊற்றுவது கிருமி. இந்த வரிசையைத் தலைகீழாகப் புரிந்துகொண்டதில்தான் உங்கள் பழைய தாளின் நான்கு வரிகளும் பிறந்திருக்கின்றன.

வாயின் சளிச்சவ்வில் மேலடுக்கு செல்கள் ஓயாமல் உதிர, அடியடுக்கிலிருந்து புதியவை மேலே வருகின்றன. இந்தச் சுற்று முடிய ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். கதிர் அடியடுக்கின் பிரியும் செல்களை அடிக்கிறது. மேலே இருப்பவை வழக்கம்போல் உதிர்ந்துகொண்டே இருக்கும், கீழிருந்து ஈடு வராது. அதனால்தான் முதல் வாரத்தில் கண்ணுக்கு எதுவும் தெரிவதில்லை. 10 முதல் 20 கிரே வரும்போது சிவப்பும் எரிச்சலும், 30 கிரே சுமாருக்கு, அதாவது மூன்றாவது வாரத்தில், சவ்வு கிழிந்து புண். ஐந்தாவது வாரத்திலிருந்து கடைசி சிட்டிங் வரை உச்சம். சிகிச்சை முடிந்த கையோடு ஆறிவிடும் என்று நோயாளியிடம் சொல்லிவிடாதீர்கள். முடிந்தபின் ஒன்றிரண்டு வாரம் அப்படியே நிற்கும், பிறகுதான் இறங்கும். பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு வாரம், கீமோவும் சேர்ந்திருந்தால் அதற்கும் மேல்.

செல் அடிபடும் அதே வேளையில் சவ்வுக்கு அடியில் உள்ள திசுவும் ரத்தக்குழாய்ச் சுவரும் டிஎன்எஃப், இன்டர்லூக்கின்-6, இன்டர்லூக்கின்-1 பீட்டா போன்ற அழற்சிச் சமிக்ஞைகளைக் கொட்டத் தொடங்குகின்றன. புண் கண்ணுக்குத் தெரியும் முன்பே இது நடக்கிறது. இந்தக் கட்டத்தில் கிருமிக்குப் பெரிய வேலை இல்லை.

சவ்வு கிழிந்ததும் கதை மாறுகிறது. திறந்த புண், அதன்மேல் ஃபைப்ரின் (ரத்தம் உறையும்போது உருவாகும் புரத இழை) படலம், உமிழ்நீர் வற்றிய வாய். கிருமிகளுக்கு இதைவிட வசதியான இடம் கிடையாது. அவற்றின் செல்சுவர்த் துணுக்குகள், குறிப்பாகக் கிராம்-நெகட்டிவ் வகைகளின் எண்டோடாக்ஸின், புண்ணின் அடியில் உள்ள மேக்ரோஃபேஜ் செல்களைத் தூண்டி மேலும் சமிக்ஞைகளைச் சுரக்கச் செய்கின்றன. புண் ஆழமாவதும் வலி கூடுவதும் ஆறாமல் இழுப்பதும் இங்கேதான். கிருமி உயிரோடு இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. செத்த கிருமியின் சுவரும் அதே வேலையைச் செய்யும். 'கொல்வது' மட்டும் ஏன் போதவில்லை என்பதற்கு இது ஒரு காரணம். படிந்ததை அங்கிருந்து அகற்றவும் வேண்டும்.

உமிழ்நீரைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. காதருகே உள்ள பரோட்டிட் உமிழ்நீர்ச் சுரப்பி கதிர்ப்பரப்புக்குள் வந்தால் முதல் வாரத்திலேயே சுரப்பு பாதிக்கு மேல் குறையக்கூடும். அளவு மட்டுமல்ல, பைகார்பனேட்டும் குறைவதால் வாயின் பிஎச் அமிலப் பக்கம் சரிகிறது. அமிலம் பிடித்த லாக்டோபாசில்லஸ், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் ஆகிய பாக்டீரியாக்களும் கேண்டிடா என்ற பூஞ்சையும் பெருகும். ஈறு ஓரத்தில் ஃப்யூசோபாக்டீரியம், பிரிவோட்டெல்லா, போர்ஃபைரோமோனாஸ் போன்ற காற்றில்லா வகைகள் முன்பே கூடியிருந்தால் அவையும் புண்ணுக்கு இடம் மாறும். ஆக, சிகிச்சைக்கு முன் ஈறு எந்த நிலையில் இருந்தது என்பது மூன்றாவது வாரப் புண்ணில் தெரியும்.

இன்னொன்று. கிருமியைத் துடைத்தெறிந்தால் புண் வராது என்ற கருத்து சோதித்துப் பார்க்கப்படாமல் இல்லை. பாலிமிக்சின், டோப்ராமைசின், ஆம்ஃபோடெரிசின் மூன்றும் சேர்ந்த சப்பும் மாத்திரை, ஐசெகனான் என்ற கிருமிக்கொல்லி பெப்டைடு, இரண்டும் சோதனைகளில் எடுபடவில்லை. புற்றுநோய்ச் சிகிச்சையின் பக்கவிளைவுகளைக் கவனிக்கும் பன்னாட்டு அமைப்புகளான எம்ஏஎஸ்சிசி-ஐஎஸ்ஓஓவின் வழிகாட்டி இரண்டையும் வேண்டாம் என்கிறது. தலை-கழுத்து ரேடியேஷனில் புண்ணைத் தடுப்பதற்காகக் குளோர்ஹெக்சிடின் கொடுக்க வேண்டாம் என்றும் அதே வழிகாட்டி சொல்கிறது.


பல்லவன்_பல் எழுதியது:

கதிர் சொன்னதோடு உடன்படுகிறேன். ஆனால் 'குளோர்ஹெக்சிடின் வேண்டாம்' என்பதை 'வாய்ச் சுத்தம் வேண்டாம்' என்று யாரும் படித்துவிடக் கூடாது.

குளோர்ஹெக்சிடின் ஏன் ஏமாற்றுகிறது என்றால், அது நேர்மின்னேற்றம் கொண்ட மூலக்கூறு. சளி, ரத்தம், புண் கசிவு எல்லாவற்றிலும் ஒட்டிக்கொண்டு வலுவிழக்கும். பல்லில் தடித்துப்போன பிளாக்கின் (கிருமிப் படலம்) உள்ளே சரியாக இறங்காது. சாதாரணப் பேஸ்ட்டில் நுரைக்காகச் சேர்க்கும் சோடியம் லாரில் சல்ஃபேட் அதை முறித்துவிடும், அதனால் பல் தேய்த்து அரை மணி நேரமாவது கழித்துத்தான் பயன்படுத்த வேண்டும். ஆல்கஹால் கலந்த தயாரிப்பு என்றால் எரிச்சல் வேறு. ஏற்கெனவே மங்கிய சுவையை மேலும் கெடுக்கும், பல்லில் பழுப்புக் கறை படியும். ஈறில் தனியாகத் தொற்று இருந்து, அந்த இடத்தில் பிரஷ் வைக்கவே முடியாதபோது சில நாளுக்குக் கொடுக்கலாம். பல்செட் ஊறவைக்கவும் நல்லது. அதற்கு மேல் இதற்கு இடமில்லை.

பிரஷ்ஷை நிறுத்தச் சொல்லும் வரியை முதலில் அடித்துவிடுங்கள். பிளாக் என்பது ஒட்டிய படலம். உரசினால்தான் போகும், எந்தத் திரவத்திலும் கரையாது. மிக மென்மையான நைலான் பிரஷ், தலைப்பகுதி சிறியது. தேய்க்கும் முன் வெந்நீரில் ஒரு நிமிடம் வைத்தால் குச்சங்கள் இன்னும் இளகும். ஈறு ஓரத்தில் 45 பாகை சாய்த்து, குட்டிக் குட்டி அசைவு. புண் இருக்கும் கன்னத்தையும் நாக்கு ஓரத்தையும் தொட வேண்டாம், பல்லை மட்டும் தேய்த்தால் போதும். வலி மருந்து கொடுத்து 20-30 நிமிடம் கழித்துத் தேய்க்கச் சொல்லுங்கள். நேரத்தை இப்படி மாற்றியதும் பலரால் தொடர முடிகிறது. தினம் இருமுறை கட்டாயம். புதினா காரமும் லாரில் சல்ஃபேட்டும் இல்லாத ஃப்ளூரைடு பேஸ்ட் எடுங்கள். பேஸ்ட்டே எரிகிறது என்றால் அந்த வாரம் வெறும் தண்ணீரில் தேய்க்கட்டும், ஃப்ளூரைடை ஜெல்லாகக் கொடுத்துக்கொள்ளலாம்.

ஸ்பாஞ்ச் குச்சி பிரஷ்ஷுக்கு மாற்று அல்ல. சளியைத் துடைக்கும், பிளாக்கை எடுக்காது. நாலாம் நிலைப் புண்ணில் (வாய் வழியே எதுவும் சாப்பிட முடியாத நிலை) வாயே திறக்க முடியாதபோது அதைவிட வேறு வழியில்லை, அவ்வளவுதான். எலுமிச்சை-கிளிசரின் தோய்த்த குச்சி மட்டும் கூடவே கூடாது. அமிலம் பல்லைத் தின்னும், கிளிசரின் வாயை மேலும் காய வைக்கும்.

பல்செட் வைத்திருப்பவர் சாப்பிடும்போது மட்டும் போடட்டும், புண் வந்தபின் அதுவும் வேண்டாம். இரவில் கட்டாயம் வெளியே. பிரஷ்ஷால் தேய்த்து, 0.2% குளோர்ஹெக்சிடினில் 15 நிமிடம், தினம் இருமுறை. திரும்ப வாயில் வைக்குமுன் நன்றாகக் கழுவ வேண்டும். பூஞ்சைக்கு மருந்து கொடுத்தும் திரும்பத் திரும்ப வருகிறது என்றால் முதலில் பார்க்க வேண்டியது பல்செட்டைத்தான். அக்ரிலிக்கின் நுண்துளைகளில் கேண்டிடா உட்கார்ந்திருக்கும்.

தாளில் சிகிச்சை தொடங்கும் முன் என்று ஒரு பகுதி இல்லாதது பெரிய குறை. காப்பாற்ற முடியாத பல், அதுவும் 50 கிரேயோ அதற்கு மேலோ வாங்கப்போகும் கீழ்த்தாடைப் பகுதியில் இருந்தால், முதல் சிட்டிங்குக்கு இரண்டு வாரமாவது முன்னதாகப் பிடுங்கிவிட வேண்டும். குழி மூட அவ்வளவு நாள் தேவை. ஆனால் பல்லுக்காகப் புற்றுநோய் சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது, இரண்டு தரப்பும் பேசி முடிவெடுக்க வேண்டும். சிகிச்சை நடுவே பல்வலி வந்தால் முடிந்தவரை வேர் சிகிச்சையோடு நிறுத்திக்கொள்வோம், பிடுங்குவதில்லை. தாடை எலும்பு அழுகல் என்ற பயம் ஆயுளுக்கும் உண்டு. கூர்மையான பல் முனை, உடைந்த ஃபில்லிங் எல்லாவற்றையும் அப்போதே ராவிவிடுங்கள். தினம் நாக்கில் உரசும் ஒரு முனை, புண்ணை ஆறவே விடாது.

உலோக கேப், பெரிய அமால்கம் ஃபில்லிங் இருப்பவர்களுக்கு இன்னொரு விஷயம். உலோகத்தில் பட்டுத் தெறிக்கும் கதிர் அதை ஒட்டிய சில மில்லிமீட்டர் சவ்வுக்குக் கூடுதல் டோஸ் தரும். கன்னத்தின் உள்ளே ஒரு பல்லின் அச்சுப்போலப் புண் இருந்தால் இதுதான். 3 முதல் 5 மில்லிமீட்டர் தடிமனில் சிலிக்கான் கார்டு வைத்தால் சவ்வு தள்ளி நிற்கும். ஆனால் மாஸ்க் போட்டு சிமுலேஷன் (சிகிச்சையைத் திட்டமிட எடுக்கும் ஸ்கேன்) எடுக்கும்போதே அது வாயில் இருக்க வேண்டும். இடையில் கொண்டுவந்து செருகினால் தாடையின் நிலை மாறி, பிளானிங்கே தப்பாகிவிடும்.

ஃப்ளூரைடு: 1.1% நடுநிலை சோடியம் ஃப்ளூரைடு ஜெல், ட்ரேயில் வைத்து தினம் 5 முதல் 10 நிமிடம், பிறகு அரை மணி நேரம் எதுவும் சாப்பிடவோ குடிக்கவோ கூடாது. அமில வகை ஜெல் வேண்டாம், புண்ணில் தாங்காது. புண் உச்சத்தில் ட்ரே போட முடியாவிட்டால் பிரஷ்ஷால் தடவலாம். உமிழ்நீர் குறைவு நீடிக்கும்வரை இது நிற்கக் கூடாது. பெரும்பாலோருக்கு அது ஆயுள் முழுவதும்.


ஒளிமலர் எழுதியது:

மிக்க நன்றி. சிமுலேஷன் நாளில் பல் கார்டு பற்றிக் கேட்க வேண்டும் என்பது எங்கள் தாளில் எங்கேயும் இல்லை, சேர்க்கிறேன். கொப்பளிக்கும் கரைசலின் அளவையும் பூஞ்சை பற்றியும் யாராவது சொல்லுங்கள். உப்பு, சோடா இரண்டும் போடுகிறோம், ஆனால் ஆளுக்கு ஓர் அளவு.


அளவுகோல் எழுதியது:

நான் புற்றுநோய் மருந்தகப் பிரிவில். ஆளுக்கு ஓர் அளவு என்பதுதான் கரைசல் எரிவதற்குப் பாதிக் காரணம்.

காய்ச்சி ஆறிய தண்ணீர் 1 லிட்டர். உப்பு தலைதட்டிய ஒரு டீஸ்பூன், அதாவது 5 மில்லி. சமையல் சோடா அதேபோல ஒரு டீஸ்பூன். இரண்டும் சேர்ந்து உடல் திரவத்தின் செறிவை ஒட்டி நிற்கும், அதனால் புண்ணில் எரியாது. டீஸ்பூனுக்குப் பதில் டேபிள்ஸ்பூன் போட்டால் மூன்று மடங்கு. திசுவிலிருந்து நீரை உறிஞ்சி, காந்த ஆரம்பிக்கும். 'உப்புத் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை' என்று சொல்பவரிடம் எந்தக் கரண்டி என்று முதலில் கேளுங்கள். அளவு சரியாக இருந்தும் காந்தினால் உப்பைப் பாதியாக்கலாம், சோடாவை விடக் கூடாது. பிஎச்சை உயர்த்துவதும் ஒட்டும் சளியை இளக்குவதும் சோடாதான். பேக்கிங் பவுடர் வேறு பொருள், அதில் அமிலம் சேர்ந்திருக்கும். சலவை சோடா வாயைப் பொசுக்கிவிடும். தாளில் இரண்டையும் பெயர் சொல்லியே விலக்குங்கள்.

மூடி வைத்து, 24 மணி நேரத்துக்குள் பயன்படுத்தி, மீதியைக் கொட்டிவிட வேண்டும். ஒரு வாய்க்கு 15 மில்லி, 30 விநாடி மெதுவாக உருட்டி, துப்பல். அப்படி இரண்டு மூன்று வாய். வேகமாகக் கொப்பளிக்கத் தேவையில்லை. முதல் இரண்டு வாரம் நாலு மணிக்கு ஒருமுறை, புண் வந்தபின் விழித்திருக்கும்போதெல்லாம் இரண்டு மணிக்கு ஒருமுறை. இது புண்ணைத் தடுக்கும் மருந்து என்று எங்கும் எழுதாதீர்கள், அப்படி நிரூபணம் இல்லை. சளியையும் உணவுத் துணுக்கையும் கழுவும், அடுத்துப் போடும் மருந்து சவ்வில் போய்ச் சேர வழி விடும்.

புண்ணைக் குறைக்கச் சான்று உள்ள கொப்பளிப்பு பென்சிடமின் 0.15% (அழற்சியைத் தணிக்கும் மருந்து). கீமோ இல்லாமல் 50 கிரேக்குக் குறைவாக ரேடியேஷன் எடுப்பவர்களுக்கு வழிகாட்டியின் பரிந்துரை உறுதியானது. கீமோவும் சேர்ந்தவர்களுக்குச் சற்று மென்மையான சொல்லில் இருக்கிறது. 15 மில்லி, குறைந்தது 30 விநாடி, தினம் நாலு முதல் எட்டு முறை, துப்பிவிட வேண்டும். முதல் வாரத்திலேயே தொடங்க வேண்டும். எரிந்தால் சம அளவு தண்ணீர் சேர்க்கலாம்.

மரக்கவைக்கும் மருந்தான லிக்னோகெயின் 2% கெட்டித் திரவத்தில் கவனம். ஒரு தடவைக்கு உடல் எடையில் கிலோவுக்கு 4.5 மில்லிகிராம், அதிகபட்சம் 300 மில்லிகிராம். ஒரு மில்லியில் 20 மில்லிகிராம் இருக்கிறது, ஆகவே 50 கிலோ எடையுள்ளவருக்கு 11 மில்லிதான் உச்சம். இந்த நோயாளிகள் எடை இழந்துகொண்டே வருகிறவர்கள், சேர்க்கையின்போது எழுதிய எடையை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். திறந்த புண் வழியே உடலுக்குள் ஏறுவதும் கூடுதல். இடைவெளி மூன்று மணி நேரம், நாளில் எட்டு முறைக்கு மேல் போகக் கூடாது. இன்னொரு ஆபத்து தொண்டை மரத்துப்போவது. விழுங்கும் உணர்வு மங்கி, உணவு மூச்சுக்குழலுக்குள் போகும். வாயின் முன்பகுதிப் புண் என்றால் துப்பச் சொல்லுங்கள், அல்லது பஞ்சில் தொட்டு வைக்கலாம். சாப்பாட்டுக்கு முன் மரக்க வைத்து ஊட்டும் பழக்கம் பல இடங்களில் உண்டு. விழுங்குவதில் ஏற்கெனவே சிரமம் உள்ளவருக்கு அது சரியில்லை.


நுண்நோக்கி எழுதியது:

கல்ச்சர் கேள்விக்கு வருகிறேன். வாயில் ஸ்வாப் எடுத்தால் ஏதாவது வளரும், வளராவிட்டால்தான் ஆச்சரியம். உலர்ந்த வாயில் கிளெப்சியெல்லா, சூடோமோனாஸ், ஸ்டாஃபைலோகாக்கஸ் ஆரியஸ் எல்லாம் வந்து தங்கும். அவை அங்கே இருக்கின்றன என்பதற்கும் நோய் உண்டாக்குகின்றன என்பதற்கும் நடுவே உள்ள இடைவெளியை ரிப்போர்ட் நிரப்பாது. அந்த ரிப்போர்ட்டைப் பார்த்து ஆன்டிபயாடிக் எழுதினால் பாக்டீரியா ஒதுங்கி, கேண்டிடாவுக்கு இடம் காலியாகும். அடுத்த வாரம் பூஞ்சையோடு வந்து நிற்பார். எங்கள் ஆய்வகத்துக்கு வரும் இத்தகைய ஸ்வாப்களில் பெரும்பகுதி அனுப்பியிருக்கவே வேண்டாதவை.

எப்போது அனுப்பலாம்? பூஞ்சை மருந்து ஒரு வாரம் சரியாகக் கொடுத்தும் அசையவில்லை என்றால் அனுப்புங்கள், கேண்டிடாவின் இனம் தெரிய வேண்டும். க்ரூசை என்ற இனம் ஃப்ளூகோனசோல் என்ற பூஞ்சை மருந்துக்கு இயல்பாகவே கட்டுப்படாது, கிளாப்ரேட்டா இனமும் பல நேரம் அப்படித்தான். சீழ் வடிந்தால் சீழை எடுங்கள், மேலே துடைத்தல்ல. கதிர் படாத இடத்தில், அல்லது உதட்டோரத்தில், சிறுசிறு வட்டப் புண்கள் கொத்தாகத் திடீரென்று வந்தால் ஹெர்பிஸ் நினைவுக்கு வர வேண்டும், குறிப்பாகக் கீமோ சேர்ந்தவர்களிடம். அதற்கு ஸ்வாப்பில் பிசிஆர்.

இனி வெள்ளை எது என்ற கேள்வி. ஈரத் துணி சுற்றிய விரலோ நாக்குக் கட்டையோ போதும், ஆனால் தொடுவதற்கு முன் பாருங்கள்.

புண்ணின் படலம் கதிர்ப்பரப்புக்குள்ளேயே இருக்கும். பிளானிங் படத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வாயைப் பார்த்தால் இரண்டும் ஏறக்குறையப் பொருந்தும். மஞ்சள் கலந்த வெள்ளை, விரிந்த தகடுபோல, சுற்றிலும் சிவந்த விளிம்பு. அழுத்தித் துடைத்தால் எளிதில் வராது, வந்தால் ரத்தம் கசியும், நோயாளி துடித்துப்போவார். ஆகவே ஒருமுறை மெதுவாக, அதோடு நிறுத்துங்கள். அந்தப் படலத்தைச் 'சுத்தம் செய்கிறேன்' என்று உரித்தெடுப்பதும் ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றி நுரைக்க விடுவதும் புதிதாக வளரும் திசுவைக் கெடுக்கும்.

கேண்டிடாவுக்குக் கதிரின் எல்லை தெரியாது. கதிர் படாத மேலண்ணத்தில், நாக்கின் மேற்பரப்பில், இரண்டு கன்னத்திலும் என்று பரவும். சின்னச் சின்னப் புள்ளிகளாகத் தொடங்கி ஒன்றுசேரும், துடைத்தால் பெரும்பாலும் வந்துவிடும், அடியில் சிவந்த சவ்வு. கூடவே வாயோர வெடிப்பு, பஞ்சை மென்றதுபோன்ற உணர்வு, திடீரென்று கூடிய எரிச்சல். இரண்டாவது வாரத்தில், 20 கிரேகூடத் தாண்டாதவருக்கு வலி மட்டும் அளவுக்கு மீறி இருந்தால் அது கதிர்ப்புண்ணாக இருக்க வாய்ப்புக் குறைவு; பூஞ்சையைத் தேடுங்கள்.

வெள்ளையே இல்லாத பூஞ்சைத் தொற்றும் உண்டு. நாக்கு வழவழப்பாகச் சிவந்து கிடக்கும், பல்செட்டுக்கு அடியில் அண்ணம் செக்கச்செவேல் என்றிருக்கும். இதைக் கதிர்ச்சிவப்பு என்று விட்டுவிடுவதுதான் அதிகம் நடக்கும் தவறு. கதிர்ப்புண்ணும் பூஞ்சையும் ஒரே வாயில் இருப்பதும் சாதாரணம். சந்தேகம் தீராவிட்டால் சுரண்டி எடுத்து கேஓஎச் (பொட்டாசியம் ஹைட்ராக்சைடு) சொட்டு விட்டு நுண்நோக்கியில் பாருங்கள், சில நிமிடத்தில் இழைகள் தெரியும். கல்ச்சரைவிட இதுவே உதவும். தொற்றில்லாதவர் வாயிலும் கேண்டிடா கல்ச்சரில் வளரும், இழைகள் நிறையத் தெரிந்தால்தான் அது நோய்.


அளவுகோல் எழுதியது:

பூஞ்சை மருந்து பற்றி இதைத் தொடர்ந்தே சொல்லிவிடுகிறேன்.

லேசான பூஞ்சைத் தொற்றுக்கு நிஸ்டாட்டின் திரவம், மில்லிக்கு 1 லட்சம் யூனிட். 4 முதல் 6 மில்லி, தினம் நாலு வேளை. முடிந்தவரை வாயில் வைத்திருந்து உருட்டி விழுங்க வேண்டும். அது குடலில் உறிஞ்சப்படுவதில்லை, படும் இடத்தில் மட்டும்தான் வேலை. அதனால் பிறகு அரை மணி நேரம் தண்ணீர்கூட வேண்டாம். அறிகுறி போனபின்னும் இரண்டு நாள் தொடர வேண்டும். குளோர்ஹெக்சிடினும் நிஸ்டாட்டினும் அடுத்தடுத்துச் சேர்ந்தால் ஒன்றையொன்று செயலிழக்க வைக்கும்; பழைய தாளைப் பின்பற்றியவர்களுக்கு நிஸ்டாட்டின் 'வேலை செய்யவில்லை' என்று தோன்றியிருந்தால் இதைத்தான் சந்தேகிப்பேன். பல தயாரிப்புகளில் சர்க்கரை கணிசமாக இருக்கும், உமிழ்நீர் இல்லாத வாயில் அது சொத்தைக்கு வழி. க்ளோட்ரிமசோல் சப்பும் மாத்திரை உலர்ந்த வாயில் கரையவே கரையாது, வாயை நனைத்துவிட்டுக் கொடுத்தாலும் பாதிதான்.

மிதமானது முதல் கடுமையானது வரை, அல்லது விழுங்கும்போது நெஞ்சுக்குள்ளும் வலித்தால், ஃப்ளூகோனசோல்: முதல் நாள் 200 மில்லிகிராம், பிறகு தினம் 100, ஏழு முதல் 14 நாள் வரை. உணவுக்குழாய்க்கு இறங்கியிருந்தால் டோஸும் நாளும் கூடும். கொடுக்குமுன் மருந்துச் சீட்டைப் பாருங்கள். ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் இருந்தால் ஐஎன்ஆர் (ரத்தம் உறையும் நேரத்தின் அளவு) எகிறும், வலிக்கான ஃபென்டனில் பேட்ச் இருந்தால் ரத்தத்தில் அதன் அளவு ஏறும், வாந்தி மருந்தான ஆன்டன்செட்ரானோடு சேரும்போது க்யூடி (ஈசிஜியில் தெரியும் இதய மின் இடைவெளி) நீளும். சிஸ்பிளாட்டின் எடுப்பவருக்கு மக்னீசியமும் பொட்டாசியமும் ஏற்கெனவே தாழ்ந்திருக்கலாம் என்பதால் இந்தக் க்யூடி விஷயத்தை அலட்சியப்படுத்த முடியாது. மைக்கோனசோல் ஜெல் வாயில் தடவுவதுதானே என்று நினைக்க வேண்டாம், வார்ஃபரினோடு அதுவும் ஆபத்து.


இளவேனில் எழுதியது:

இடையில் ஒரு கேள்வி. போவிடோன் அயோடின் கொப்பளிப்பு, தேன், புரோபயாட்டிக், லேசர். இவற்றில் எதைத் தாளில் சேர்க்கலாம்? உறவினர்கள் தினம் கேட்கிறார்கள்.


கதிர்33 எழுதியது:

லேசர், அதாவது சிவப்பு ஒளி சிகிச்சை, இந்த நாலில் வலுவான சான்று உள்ளது. கருவியும் பயிற்சி பெற்ற ஆளும் இருந்தால் முதல் நாளிலிருந்தே செய்ய வேண்டும், புண் வந்தபின் நினைவுக்கு வந்து பயனில்லை. கட்டி இருக்கும் இடத்தின்மேல் ஒளியை நேராகப் பாய்ச்சக் கூடாது.

தேனை வழிகாட்டி 'யோசிக்கலாம்' என்ற அளவில் ஏற்கிறது. சோதனைகளில் பெரும்பாலும் 20 மில்லி தேனை ரேடியேஷனுக்கு 15 நிமிடம் முன், 15 நிமிடம் பின், ஆறு மணி நேரம் கழித்து என வாயில் உருட்டி மெதுவாக விழுங்கச் செய்தார்கள். என் தயக்கம் பல்லைப் பற்றியது. உமிழ்நீர் வற்றிய வாயில் தினம் மூன்று வேளை சர்க்கரை. பல் இருப்பவருக்கு ஃப்ளூரைடு உறுதியாக நடக்கிறது என்றால் மட்டும் சம்மதிப்பேன். நீரிழிவு இருப்பவரை விட்டுவிடுங்கள்.

போவிடோன் அயோடினுக்குச் சாதகமாகச் சிறிய ஆய்வுகள் உண்டு, வழிகாட்டி முடிவு எதுவும் சொல்லவில்லை. ஏழு வாரம் திறந்த புண்ணில் அயோடின் ஊறினால் உடலுக்குள் ஏறும், தைராய்டு ஏற்கெனவே கதிர் வாங்குகிறது. 14 நாளுக்கு மேல் கொடுக்க மாட்டேன். புரோபயாட்டிக் சப்பும் மாத்திரைகளில் நம்பிக்கையூட்டும் முடிவுகள் வந்திருக்கின்றன. ஆனால் வெள்ளணு குறைந்தவருக்கோ சென்ட்ரல் லைன் (பெரிய ரத்தநாளத்தில் வைத்த குழாய்) இருப்பவருக்கோ லாக்டோபாசில்லஸ் ரத்தத்தில் கலந்த நிகழ்வுகளும் பதிவாகியுள்ளன. கீமோ சேர்ந்தவர்களுக்கு நானாகத் தொடங்க மாட்டேன்.

யாரும் கேட்காத ஐஸ் பற்றியும் ஒரு வரி. ஐஸ் சப்புவது கீமோ மருந்துகளான 5-எஃப்யூ போலஸுக்கும் (ஒரே வீச்சில் ஏற்றுவது) உயர் டோஸ் மெல்ஃபலானுக்கும்தான். ரேடியேஷன் புண்ணைத் தடுக்காது. வலிக்கு இதமாக இருந்தால் சப்பட்டும்.


நுண்நோக்கி எழுதியது:

ஆன்டிபயாடிக்கே வேண்டாம் என்று நான் சொன்னதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். காய்ச்சல் ஒருமுறை 38.3 செல்சியஸ், அல்லது 38-இல் ஒரு மணி நேரம் நின்றது, நியூட்ரோஃபில் (தொற்றை எதிர்க்கும் வெள்ளணு) 500-க்குக் கீழ்: அது வாய்ப்புண் அல்ல, அவசர நிலை. ரத்தக் கல்ச்சர் எடுத்துவிட்டு ஒரு மணி நேரத்துக்குள் நரம்பு வழி மருந்து. கிழிந்த சவ்வு வழியே வாயின் விரிடான்ஸ் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் ரத்தத்தில் கலப்பது இந்த நேரத்தில்தான். ஒருபக்கம் மட்டும் வீங்குவது, நாக்குக்கு அடியில் தடித்துத் தூக்குவது, பேச்சு கெட்டுப்போவது, எச்சில் விழுங்க முடியாமல் வழிவது, எல்லாம் அதே அவசரத்தில் சேரும். அங்கே மூச்சுவழிதான் முதல் கவலை.

பாராசிட்டமால் ஆறு மணிக்கு ஒருமுறை ஓடிக்கொண்டிருந்தால் காய்ச்சல் தலைகாட்டாது. ஒவ்வொரு டோஸுக்கும் முன் வெப்பநிலை எடுத்து எழுதச் சொல்லுங்கள். வாய்ப்புண் உள்ளவருக்கு வாயில் தெர்மாமீட்டர் வைக்க வேண்டாம்.


ஒளிமலர் எழுதியது:

இதுவரை சேர்த்தது இப்படி வருகிறது. சரிபார்த்துச் சொல்லுங்கள்.

காலை எழுந்ததும் உப்பு-சோடா கரைசல், வலி மருந்து, அரை மணி கழித்து மென்மையான பிரஷ், திரும்பக் கரைசல், பென்சிடமின், பிறகு உணவு. உணவுக்குப் பின் கரைசல். பூஞ்சை இருந்தால் எல்லாம் முடிந்தபின் நிஸ்டாட்டின், அதன்பின் அரை மணி எதுவும் இல்லை. பகலில் இரண்டு மணிக்கு ஒருமுறை கரைசல். இரவு பிரஷ், ஃப்ளூரைடு ஜெல், பல்செட் வெளியே. தினம் ஒருமுறை டார்ச் அடித்து வாய் பார்த்து, உலகச் சுகாதார அமைப்பின் 0 முதல் 4 வரையிலான அளவில் எழுதுவது. வாரம் ஒருமுறை எடை. வலிக்கு பாராசிட்டமால், போதாவிட்டால் டைக்ளோஃபெனாக்.


அளவுகோல் எழுதியது:

கடைசி மருந்தை எடுத்துவிடுங்கள். சிஸ்பிளாட்டின் ஓடும்போது டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் எதுவும் வேண்டாம், சிறுநீரகம் இரண்டையும் சேர்த்துத் தாங்காது. பாராசிட்டமாலுக்கு அடுத்த படி மார்ஃபின்தான். மூன்றாம் நிலைப் புண்ணுக்கு அதைத் தள்ளிப்போடுவதில் பொருள் இல்லை. கொப்பளிக்க 0.2% மார்ஃபின் கரைசலும் கீமோ-ரேடியேஷன் வலிக்கு வழிகாட்டியில் உண்டு. மார்ஃபின் தொடங்கும் அன்றே மலமிளக்கியும்.

இரவில் நிஸ்டாட்டின் இருந்தால் ஃப்ளூரைடு ஜெல்லை முதலில் வைத்து, அரை மணி விட்டு நிஸ்டாட்டின். இரண்டுக்கும் 'பிறகு எதுவும் கூடாது' என்ற விதி இருப்பதால் வார்டில் இந்த இடத்தில் குழப்பம் வரும்.


கதிர்33 எழுதியது:

உலகச் சுகாதார அமைப்பின் அந்த 0 முதல் 4 அளவைப் படுக்கையருகில் இப்படிப் பயன்படுத்துங்கள்: புண் இருந்தும் திட உணவு இறங்கினால் 2, திரவம் மட்டும் இறங்கினால் 3, வாய் வழியே எதுவுமே முடியவில்லை என்றால் 4. புண்ணின் அகலத்தைவிட என்ன சாப்பிட முடிகிறது என்பதுதான் இதில் கணக்கு. 3 வந்த அன்றே டயட்டீஷியனுக்குத் தகவல் போக வேண்டும். தொடக்க எடையில் 5 சதவீதம் போய்விட்டால் மூக்கு வழிக் குழாய் பற்றிப் பேசத் தொடங்குங்கள், 10 சதவீதம் வரை காத்திருக்காதீர்கள். குழாய் போட்டபின்னும் வாய் கழுவல் நிற்கக் கூடாது. சாப்பிடாத வாயில் படிவு இன்னும் வேகமாகச் சேரும்.

தாளின் மேல் பகுதியில் ஒரு வரி: 'மருத்துவரைக் கேட்காமல் எந்த சிட்டிங்கையும் தவறவிட வேண்டாம்.' வலி தாங்காமல் நோயாளி தானாக நாலு நாள் வராமல் இருப்பது உண்டு. மொத்தச் சிகிச்சைக் காலம் ஒரு நாள் நீண்டால் கட்டி கட்டுப்படும் வாய்ப்பு ஏறக்குறைய 1 சதவீதமோ சற்று அதிகமோ குறைகிறது. விடுபட்ட நாளை அந்த வாரத்திலேயே, ஒரே நாளில் ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு சிட்டிங் வைத்து, ஈடு செய்ய முடியும். அதற்கு அவர் வரவில்லை என்பது எங்களுக்கு அன்றே தெரிய வேண்டும்.